அந்தியோக்கியாவின் பந்தி

விராலிமலையில் நான் குடியேறிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தமிழாசிரியனாக முப்பத்துநான்கு ஆண்டுகள் பல ஊர்களில் பணியாற்றி ஓய்வு பெற்றபின், மகன் இங்குக் கட்டிய வீட்டில் நானும் என் துணைவியாரும் தங்கிவிட்டோம். திருச்சியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், முருகன் குன்றுக்கும் மயில்களுக்கும் பெயர்பெற்ற இவ்வூர் இன்று தொழிற்சாலைகளின் ஊராகவும் ஆகியிருக்கிறது. ஞாயிறு காலைத் திருப்பலிக்கு நடந்து செல்கையில் ஒருபுறம் மயிலின் அகவல் கேட்கும்; மறுபுறம் இரவுப் பணி முடிந்து திரும்பும் தொழிலாளரின் பேச்சுக் கேட்கும். அப்பேச்சில் பாதி இந்தி. மீதி எனக்கு விளங்காத வேறு மொழிகள்.

சென்ற தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று அத்தொழிலாளருள் மூவர் ஆலயத்திற்கு வந்தனர். ஜார்க்கண்ட் மாநிலத்தினர், ஒராவோன் பழங்குடியினர், தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து பிழைப்புத் தேடி வந்த பிள்ளைகள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்ற அவர்களை உபதேசியார் கைப்பற்றி அழைத்துச் சென்று முன்வரிசையிலேயே அமர்த்தினார். தமிழ் மன்றாட்டுகள் அவர்களுக்கு விளங்கவில்லை. ஆயினும் எந்த இடத்தில் எழ வேண்டும், எந்த இடத்தில் முழந்தாளிட வேண்டும் என்பதில் அவர்கள் ஒருமுறைகூடப் பிழைக்கவில்லை. எழுந்தேற்றத்தின்போது அவர்கள் தலைதாழ்த்திய விதத்தைக் கண்டு எனக்குக் கண்கள் கலங்கின. திருப்பலி முடிந்ததும் பெண்கள் அவர்களைச் சூழ்ந்துகொண்டனர். ஒருவர் வீட்டிலிருந்து இடியாப்பம் வந்தது. இன்னொருவர் வீட்டிலிருந்து குழம்பு வந்தது. "பார்த்தாயா, கத்தோலிக்கம் என்றால் இதுதான். மொழி வேறு, இனம் வேறு, நாடே வேறு என்பதுபோல் இருக்கிறது, ஆனால் நற்செய்தி எல்லாரையும் ஒரு குடும்பமாக்கிவிட்டது" என்று என் துணைவியாரிடம் பெருமிதத்தோடு சொன்னேன்.

சொல்லி வாய் மூடவில்லை. என் பார்வை பக்கவாட்டில் இருந்த பின்கதவுக்குச் சென்றது. அங்கே ஒருவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே இறங்கிக்கொண்டிருந்தார்.

அவரை எனக்குத் தெரியும். தெரியும் என்று சொல்வதே சிறிய சொல். நானும் அவரும் ஒரே ஊரில் பிறந்தவர்கள். ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். ஒரே கோயிலில், ஒரே தொட்டித் தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். எங்கள் வீடு கோயிலை ஒட்டிய தெருவில் இருந்தது. அவர் வீடு வாய்க்காலுக்கு அப்பால் இருந்தது. அவ்வளவே வேறுபாடு என்று எழுத ஆசைதான். அந்த வாய்க்காலின் அகலத்தை அளந்து சொல்ல இன்றுவரை என்னால் முடியவில்லை. மகள் இங்கே வாழ்க்கைப்பட்டதால் அவரும் இவ்வூருக்கு வந்து, ஓரிடத்தில் இரவுக் காவல் பணி பார்க்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் அந்தப் பின்கதவருகே நிற்கிறார். அவரை யாரும் அங்கே நிற்கச் சொன்னதில்லை. உள்ளே பெஞ்சுகளில் இடம் இல்லாமலும் இல்லை. யாரும் சொல்லாமலே ஒருவர் தம் இடத்தை அறிந்து நிற்கிறார் என்றால், முன்பு எப்போதோ, எங்கேயோ, யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்றுதானே பொருள்? அந்த 'யாரோ' யார் என்பதும் எனக்குத் தெரியும்.

அதற்குப் போகுமுன் அந்த ஜார்க்கண்ட் இளைஞரைப் பற்றி இன்னும் சில சொற்கள். மூவருள் இளையவர் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வரத் தொடங்கினார். தமிழ் கற்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஓய்வுபெற்ற ஆசிரியனுக்கு அதைவிட வேறு விருந்து ஏது? முதல் நாள், "நான்" என்பதற்கு உங்கள் மொழியில் என்ன என்று கேட்டேன். "ஏன்" என்றார். "நீ" என்பதற்கு? "நீன்." தண்ணீருக்கு? "அம்ம்." எழுந்து நின்றுவிட்டேன். நம் பழந்தமிழில் 'அம்' என்றால் நீர் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அவர்கள் பேசும் குருக் மொழி திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது; 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 20 இலட்சம் பேர் பேசுவது. மொழிநூலில் படித்து, தேர்வில் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன். ஆனால் அம்மொழி பேசும் ஓர் உடன்பிறப்பு என் திண்ணையில் அமர்ந்து தண்ணீர் கேட்பார் என்று எண்ணியதில்லை. அவருடைய பூட்டனார் காலத்தில், 1885 முதல் சோட்டாநாக்பூரில் பணியாற்றிய கான்ஸ்டன்ட் லீவன்ஸ் என்ற பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு, நிலம் பறிபோன பழங்குடியினருக்காக நீதிமன்ற வழக்குகளில் துணைநின்றார். அதன் வழியாகவே அம்மக்கள் திரள் திரளாகத் திருமறையில் சேர்ந்தனர். "எங்களுக்கு நற்செய்தி வந்தது நிலத்தோடு சேர்ந்து வந்தது" என்று அந்தப் பிள்ளை தம் உடைந்த தமிழில் சொன்னார். எனக்கு எந்த மறையுரையிலும் கிடைக்காத வாக்கியம் அது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

1964ஆம் ஆண்டு. ரோமையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் ஊரில் அதைப் பற்றி எவருக்கும் தெரியாது. இலத்தீன் பூசையும் முக்காடிட்ட பெண்களுமாக எல்லாம் பழையபடியே இருந்தன. கோயிலுக்குள் எங்கள் தெருவுக்கு ஒரு பக்கம், வாய்க்காலுக்கு அப்பால் உள்ளவர்களுக்கு ஒரு பக்கம். நன்மை வாங்கவும் முதலில் நாங்கள், பிறகு அவர்கள். அந்த ஆண்டு எங்களுக்குப் புதுநன்மை. இருபத்துமூன்று பிள்ளைகள். புதிதாக வந்திருந்த இளம் சாமியார் ஒரு காரியம் செய்தார். பூசை முடிந்ததும் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நீளமாகப் பாய் விரித்து, இருபத்துமூன்று பேரையும் ஒரே பந்தியில் அமர்த்தி, வாழையிலை போட்டு இட்லி பரிமாறச் சொன்னார். என் பக்கத்தில் அமர்ந்தவன் இன்று பின்கதவருகே நிற்பவன். வகுப்பில் நாங்கள் இருவரும் 'டா' போட்டுப் பேசிக்கொள்பவர்கள். அன்று என் இலையில் நான்கு இட்லி. இரண்டைத் தின்று முடிக்குமுன் என் பெரியம்மா தாழ்வாரத்துக்கு வந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. என் கையைப் பிடித்துத் தூக்கினார். நான் எழுந்தேன். எங்கள் தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். வீட்டில் எனக்குக் கை கால் கழுவிவிட்டு வேறு இட்லி வைத்தார்கள். ஒருமணி நேரத்துக்கு முன் ஆண்டவருடைய திருவுடலை முதன்முதலாக வாங்கிய வாய் அது.

பெரியம்மா கெட்டவர் அல்லர். வெள்ளிக்கிழமைதோறும் ஒருசந்தி இருந்தவர். நாள் தவறாமல் செபமாலை சொன்னவர். வாய்க்காலுக்கு அப்பால் யாருக்கேனும் பிரசவ வலி என்றால் இரவென்றும் பாராமல் வெந்நீரோடு ஓடியவர். (ஆனால் அங்கே ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை.) இதை அவருக்காக வாதாடுவதற்காக எழுதவில்லை. தீமை எப்போதும் தீயவர்களின் கையால்தான் வரும் என்று நாம் எண்ணிக்கொள்வது வசதியாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

இந்த நிகழ்ச்சியை நான் மறந்துவிட்டதாகவே நம்பியிருந்தேன். அந்தத் தவக்காலத்தில் கலாத்தியர் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தை வாசிக்கையில் அது என்மேல் வந்து விழுந்தது. அந்தியோக்கியாவில் பேதுரு — எங்கள் பாட்டியின் வழக்கில் இராயப்பர் — பிற இனத்துக் கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டுவந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபைச் சார்ந்த சிலர் வந்தனர். அவர்கள் என்ன நினைப்பார்களோ என்றஞ்சிப் பேதுரு பந்தியைவிட்டு விலகிக்கொண்டார், அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினர், பர்னபாவும் விலகினார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரை நேருக்குநேர் எதிர்த்துக் கண்டித்தார்.

இப்பகுதியை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். விருத்தசேதனம், திருச்சட்டம், விசுவாசத்தினால் வரும் நீதி என்று இறையியல் நூல்கள் விரிப்பவற்றையும் ஓரளவு படித்திருக்கிறேன். ஆனால் நிகழ்ந்தது என்ன? பேதுரு எந்த மறையுண்மையையும் மறுக்கவில்லை. கிறிஸ்துவில் யூதர் என்றும் கிரேக்கர் என்றும் இல்லை என்ற போதனையை அவரிடம் கேட்டிருந்தால் உறுதியாக ஆம் என்றிருப்பார். அவர் செய்ததெல்லாம் ஓர் இலையைவிட்டு எழுந்து வேறோர் இலைக்குச் சென்றது மட்டுமே. அந்தச் சிறு செயலைத்தான் நற்செய்தியின் உண்மைக்கு மாறான நடத்தை என்று பவுல் கண்டார். ஒற்றுமை என்பது உள்ளத்தில் உணர்வது, மேடையில் பாடுவது என்று நாம் வைத்திருக்கிறோம். பவுலுக்கு அது யார் பக்கத்தில் யார் அமர்ந்து உண்பது என்ற கேள்வியாக இருந்திருக்கிறது. திருச்சபையின் முதல் தலைவருக்கும் ஒரு பெரியம்மா இருந்திருக்கிறார் என்று எண்ணியபோது சிரிப்பும் வந்தது. கூடவே, எனக்கு ஒரு பவுல் இல்லாமல் போனாரே என்றும் தோன்றியது. அந்த இளம் சாமியார் அடுத்த ஆண்டே மாற்றலாகிச் சென்றுவிட்டார்.

எங்கள் பகுதிக் கிறிஸ்தவத்துக்கு இந்தப் பந்திச் சிக்கல் புதியதன்று. இதே விராலிமலை வட்டாரத்தில் உள்ள ஆவூரை வாசகர்கள் அறிவீர்கள். உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி நடக்கும் பாஸ்காவுக்கும் தேருக்கும் சமயம் பாராமல் மக்கள் கூடும் ஊர். பழைய மதுரை மிஷனின் முக்கியமான தலங்களுள் ஒன்று அது. 1700ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் அங்கே பணியாற்றியவர் ஜான் வெனான்சியுஸ் புஷே என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு. அந்த மிஷனைத் தொடங்கிய இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்து, பிராமணத் துறவியைப்போல் வாழ்ந்து மறைபரப்பினார். அவ்வாறு வாழ்பவர் தாழ்த்தப்பட்டோரோடு புழங்க முடியாதென்பதால், 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற வேறு வகைக் குருக்கள் ஏற்பட்டனர். ஒரே சபை, ஒரே நற்செய்தி, இருவகைக் குருக்கள். நொபிலியின் தமிழுக்கும் தவத்துக்கும் தலைவணங்குகிறேன். அவர் இல்லையேல் நம் மறைமொழிக்கு உரைநடை இத்தனை விரைவில் வாய்த்திராது. ஆனால் வந்தவர்கள் ஊருக்குள் நுழைய எடுத்துக்கொண்ட வாசலே பிற்பாடு சுவராகவும் ஆயிற்று என்பதை மறைக்க வேண்டியதில்லை.

1704இல் திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை வெளியிட்டார். அதில் கண்டிக்கப்பட்ட பழக்கங்களுள் ஒன்று என்னைத் தூங்கவிடாமல் செய்தது. நோயுற்றுக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் குருக்கள் நுழைவதில்லை. சாகும் தறுவாயில் உள்ளவரை வெளியே வேறிடத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் அங்கே அருளடையாளம் கொடுப்பார்கள். இனி வீட்டுக்குள்ளேயே செல்ல வேண்டும் என்றது ஆணை. அதை எதிர்த்து மதுரை மிஷனின் நிலையை எடுத்துரைக்க ரோமைக்கு அனுப்பப்பட்ட இருவருள் ஒருவர் நம் ஆவூர் புஷே அடிகள். மற்றவர் பிரான்சிஸ் லாயினஸ் அடிகள். சேரிக்குள் குருவானவர் நுழைந்தால் உயர்சாதிக் கிறிஸ்தவர் அனைவரும் விலகிவிடுவர் என்பது அவர்களின் அச்சம். அச்சம் பொய்யானது என்று சொல்லமாட்டேன். பேதுருவின் அச்சமும் பொய்யானதன்று. வழக்கு இழுத்து இழுத்து, 1744இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் இறுதித் தீர்ப்பளித்தபோது, தாழ்த்தப்பட்டோருக்கென்றே தனிக் குருக்களை நியமிப்பதாக மிஷனரிகள் முன்வந்தனர். தொட்டுப் புழங்க ஒருவர் கிடைத்தார். தொடாதவர்கள் தொடாமலே இருக்க வழியும் கிடைத்தது. நாற்பதாண்டு வழக்கில் இதுதான் முடிவு.

சுவர் வெளிப்படையாகவே நின்ற இடமும் உண்டு. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்தில் இரு சாதியினரும் ஒருவரையொருவர் பாராமல் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி நடுவே சுவர் வைத்துக் கட்டினார்கள். 1910இல் பங்குக்குரு கௌசானல் அடிகள், திருச்சி ஆயர் பார்த் ஆண்டகையின் ஆதரவோடு அதை இடித்தார். சுவர் வேண்டும் என்றவர்கள் வழக்காடினர். சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்றும் அவர்களுக்கு வெற்றி கிட்டவில்லை. கல் விழுந்தது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம், திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இன்னும் உண்டு என்று ஒப்புக்கொண்டது. சுவர் விழுந்து நூற்றாறு ஆண்டுகளுக்குப் பின்! 2022 மே 15ஆம் நாள் தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டபோது அவர் பெயரோடு ஒட்டிவந்த சாதிப் பட்டம் நீக்கப்பட்டிருந்தது. மகிழ்ச்சியாக இருந்தது. அந்த அறிவிப்பை ஆலயத்தில் வாசித்தவன் நான்தான். வாசித்துவிட்டு இறங்கிவந்து வழக்கமான என் பெஞ்சில் அமர்ந்தேன்.

அன்பியக் கூட்டங்களையும் ஒருவார்த்தை சொல்லியாக வேண்டும். அண்டை வீட்டார் கூடி இறைவார்த்தையைப் பகிர்வது அருமையான ஏற்பாடு. ஆனால் அன்பியம் தெருவாரியாகப் பிரிக்கப்படுகிறது. நம் ஊர்களில் தெரு எவ்வாறு பிரிக்கப்பட்டிருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

உயிர்ப்புப் பெருவிழா அன்று திருப்பலிக்குப்பின் ஆலய வளாகத்தில் அன்பு விருந்து. கொட்டகையில் மேசை போடவில்லை, பாய்தான். நான் அமர்ந்தேன். என் மாணவர், அந்த ஒராவோன் இளைஞர், என் பக்கம் ஓரிடம் விட்டு அமர்ந்தார். "இங்கே யார்?" என்று கேட்டேன். "தாத்தா" என்றார். எந்தத் தாத்தா என்று கேட்குமுன் எழுந்து ஓடி, பின்கதவுப் பக்கம் நின்ற அவரைக் கைப்பிடித்து அழைத்துவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் உட்காரவைத்தார். ஒரே ஆலையில் இவர் இரவுப் பணி, அவர் இரவுக் காவல். அதனால் பழக்கம் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஊர் வரைபடம் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அவர் மறுக்க மறுக்க இழுத்து வந்துவிட்டார்.

இலை விரித்தார்கள். அறுபது ஆண்டுகளுக்குமேல் கழித்து நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்.

எனக்குப் பேச்சு எழவில்லை. நெடுநேரம் கழித்து, "புதுநன்மை அன்று ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டேன். என் வாக்கியத்தில் முன்னிலைச் சொல்லே இல்லாமல் பார்த்துக்கொண்டேன். அவரை இத்தனை காலமும் 'வா, போ' என்றே அழைத்துவந்திருக்கிறேன். அவர் என்னை எந்த ஆண்டிலிருந்து 'ஐயா' என்று அழைக்கத் தொடங்கினார் என்பதைக்கூட நான் கவனித்ததில்லை. இலக்கண ஆசிரியன்! 'நீங்கள்' என்ற சொல் தொண்டைவரை வந்து நின்றது.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "இருக்குங்கய்யா. ரெண்டு இட்லியை எலையிலயே வச்சிட்டுப் போயிட்டீங்க. நான்தான் எடுத்துத் தின்னேன். அன்னிக்கு நல்ல பசி."

"நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும்" என்றேன். அவர் பதறிப்போய், "அதெல்லாம் எதுக்குங்கய்யா, சாப்புடுங்க" என்றார். நடுவில் 'தாத்தா' எழுந்துவிடுவாரோ என்று அந்தப் பிள்ளை அவர் முழங்காலில் கைவைத்துக்கொண்டிருந்தார். பாயசம் வந்தது. மூவரும் குடித்தோம்.

மறு ஞாயிறு அவர் மீண்டும் பின்கதவருகேதான் நின்றார். நான் சென்று உள்ளே அழைத்தேன். "இங்க காத்து நல்லா வருதுங்கய்யா" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அங்கே காற்று வரத்தான் செய்கிறது.

இதற்கிடையே எங்கள் சொந்த ஊரிலிருந்து ஒரு தாள் வந்தது. அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்திலும் நடுவே ஒரு சுவர் உண்டு, நெஞ்சளவு உயரம். அதை எடுத்துவிட வேண்டும் என்று வாய்க்காலுக்கு அப்பாலுள்ள இளைஞர்கள் ஆயருக்கு விண்ணப்பம் எழுதி, எங்கள் தெருவினரிடமும் கையொப்பம் கேட்டிருந்தார்கள். எங்கள் தெருவில் எவரும் இடவில்லை. என் அண்ணன் தொலைபேசியில், "அப்பாவும் பெரியம்மாவும் படுத்திருக்கும் இடம் அது. நீ வெளியூரில் இருந்துகொண்டு பெரியவனாகாதே" என்றார். அண்ணன் சொல்லை நான் தட்டியதில்லை. தாளை மூன்று நாள் திருவிவிலியத்துக்குள் வைத்திருந்தேன். கலாத்தியரில்தான் வைத்தேன் என்று சொன்னால் நாடகமாகத் தோன்றும். எங்கே வைத்தேன் என்று உண்மையிலேயே நினைவில்லை. நான்காம் நாள் கையொப்பமிட்டு, கீழே தெருவின் பெயரையும் எழுதி அனுப்பினேன்.

மூன்று மாதங்களாகின்றன. அண்ணன் பேசவில்லை. அண்ணியார் மட்டும் ஒருநாள் மாலை என் துணைவியாரை அழைத்து, "அவருக்குக் கோபம் இருக்கட்டும். எனக்கு அடுத்த மாதம் கண் அறுவை, கொழுந்தனாரைச் செபித்துக்கொள்ளச் சொல்லு" என்று சொல்லி வைத்துவிட்டார். சுவர் இன்னும் நிற்கிறது. ஒராவோன் பிள்ளைக்கு மெய்யெழுத்துகள் முடிந்து உயிர்மெய் வரிசை தொடங்கியிருக்கிறது. நேற்று 'ஐயா' என்ற சொல்லை எழுதிக் காட்டி இதற்குப் பொருள் என்ன என்று கேட்டார். தாத்தா ஏன் என்னை அப்படி அழைக்கிறார், நான் ஏன் தாத்தாவை அப்படி அழைப்பதில்லை என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.